எங்க விவகாரமே தீரல!

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பொதுவாக மூன்று காரணத்துக்காகப் போவார்கள். பூநாரை பார்க்க. இறால் சாப்பிட. டச்சுக்காரர் கல்லறைக்கு முன்னால் சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொள்ள. நான் 2024 ஏப்ரலில் போனது நாலாவது காரணத்துக்காக. ஒரு பையன் எந்த யுனிவர்சிட்டியில் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல!

உனக்கு என்னய்யா தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் பி.காம். அதிலும் காஸ்ட் அக்கவுண்டிங்கை மூன்று தவணையில் பாஸ் பண்ணியவன். ஆனால் பத்திரிகையில் பெயர் வந்துவிட்டால் அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். முன்பு ஒரு தடவை ஏரியின் முகத்துவாரம் மண் மூடிப் போவதைப் பார்க்கப் போயிருந்தேன். அன்றைக்குப் படகு தள்ளியவர் என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். அவர்தான் கூப்பிட்டார்.

"சார், பையனை ரெண்டு எடத்துல கூப்பிடறாங்க. வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ சார்."

"என்ன படிப்பு?"

"என்னமோ இன்டர்நேசனல் விவகாரமாம்."

சர்வதேச விவகாரம்! நான் அபார்ட்மென்ட் அசோசியேஷன் விவகாரத்திலேயே வாய் திறக்காதவன். இருந்தாலும், கூப்பிட்டவர் வீட்டில் இறால் தொக்கு பிரமாதமாக இருக்கும் என்பது முந்தின அனுபவம். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து, பொன்னேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

தமிழ்ப் புத்தாண்டுக்கு முதல் நாள். பார்லிமென்ட் தேர்தலுக்கு ஆறு நாள். ஊரெல்லாம் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில், வலைக்குவியலுக்குப் பக்கத்தில், இன்னொரு தேர்தலுக்குக் கூட்டம் கூடியிருந்தது. பையனின் தாய்மாமன், ஒரு ரிடையர்டு வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர்கள், காரணமே இல்லாமல் ஒரு மீன் வியாபாரி.

வேட்பாளர்கள் இரண்டு பேர். ஒன்று, வாஷிங்டனில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். இரண்டு வருஷப் படிப்பு. ஃபீஸ் முழுக்கத் தள்ளுபடி. இன்னொன்று, டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். நுழைவுத் தேர்வு மார்க் அந்த வாரம்தான் வந்திருந்தது. அந்த மார்க்குக்கு சீட் கிடைத்துவிடும் என்று கல்லூரிப் பேராசிரியர்கள் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவுக்குப் பதில் சொல்லக் கடைசி நாள் ஏப்ரல் 15.

இந்த ஏப்ரல் 15 ஒரு விசேஷமான தேதி. உதவித்தொகையோடு இடம் கொடுக்கிற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, அந்தத் தேதி வரை மாணவனை நெருக்குவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன. நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை தொடங்குவதும் அதே ஏப்ரல் 15. ஜூன் 14 வரை, 61 நாள். அங்கே கதவு மூடுகிற அன்றைக்கு இங்கே கடல் மூடுகிறது.

பையனின் அப்பாதான் விவாதத்தைத் துவக்கி வைத்தார்.

"எங்க விவகாரமே தீரல சார். ஏரியில ஆந்திராக்காரன் விவகாரம். ராக்கெட்டு வுட்டா கடலுக்குப் போவாதேங்கற விவகாரம். காட்டுப்பள்ளி துறைமுக விவகாரம். இவன் போய் ஒலக விவகாரத்தைத் தீக்கப் போறானாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சொன்னது ஜோக் இல்லை. சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. ஆனால் பெரும்பகுதி ஆந்திரத்தில். தண்ணீரில் கோடு போட்டால் இறாலுக்குப் புரிவதில்லை. அதனால் வருகிற சண்டை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்புகிற நாளில் நாம் டி.வி. முன்னால் கை தட்டுகிறோம். இவர்கள் வலையை மடித்து வைக்கிறார்கள்.

தாய்மாமன் கட்சி அமெரிக்கா. "ஃபீஸே கெடையாதுங்கறான் வெள்ளைக்காரன். இதுக்கு மேல இன்னா ஓணும்?"

வாத்தியார் கட்சி டெல்லி. அவர் கே.ஆர்.நாராயணனை இழுத்தார். கேரளத்தில் உழவூர் என்ற கிராமத்தில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர், 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதராகப் போய், இதே ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக இருந்து, 1997-ல் ஜனாதிபதியும் ஆனார். "அந்த மாதிரி வரணும்டா" என்றார் வாத்தியார்.

"அவர் படிச்சது லண்டன்ல சார்" என்றான் பையன், மெதுவாக. உண்மைதான். டாடா உதவித்தொகையில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போனவர் அவர். வாத்தியார் தன் வேட்பாளர் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்ட மாதிரி முழித்தார். மீன் வியாபாரி மட்டும் கருத்துச் சொல்லவில்லை. டீ குடித்தார்.

எனக்குப் பையனிடம் தனியாகப் பேச வேண்டும் போலிருந்தது. "வா, கல்லறை வரைக்கும் நடப்போம்" என்றேன்.

டச்சுக் கல்லறையின் நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நம்மை வரவேற்கும். உள்ளே கல்பலகைகளில் அழகான எழுத்து. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து துணி போயிற்று. கிழக்கிலிருந்து கிராம்பும் ஜாதிக்காயும் வந்தன. துணியோடு ஆயிரக்கணக்கான மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேறினார்கள். படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு. கடைசியில் 1824 மார்ச் 17 அன்று லண்டனில் இங்கிலாந்தும் ஹாலந்தும் ஒரு ஒப்பந்தம் போட்டன. சுமத்ராவில் இருந்த தன் ஊரை இங்கிலாந்து கொடுத்தது. இந்தியாவில் இருந்த ஊர்களை ஹாலந்து கொடுத்தது. பண்டமாற்று முடிந்தது.

"பழவேற்காட்டைக் கைமாத்தின டேபிள்ல பழவேற்காட்டுக்காரன் ஒருத்தன்கூட இல்ல சார்" என்றான். "இப்பவும் இல்ல."

"இப்ப எவன் கைமாத்துறான்?"

அப்போதுதான் அவன் ஏன் இந்தப் படிப்பு என்பதைச் சொன்னான். உலக வர்த்தக நிறுவனம் 2022 ஜூனில் ஜெனீவாவில் மீன்பிடி மானியங்கள் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தது. திருட்டுத்தனமாக மீன் பிடிப்பவனுக்கும், மீன்வளம் வற்றிப்போன இடத்தில் பிடிப்பவனுக்கும் அரசாங்கம் மானியம் தரக்கூடாது. அடுத்த கட்டம் இதைவிடப் பெரிய மீன்: கடலை அளவுக்கு மீறி அரிக்கக் காரணமாகிற மானியங்களையே குறைப்பது. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததற்கு ஆறு வாரம் முன்னால்தான் அபுதாபியில் அந்தப் பேச்சு முறிந்திருந்தது. தூரக் கடலில் மிதக்கும் தொழிற்சாலை மாதிரி கப்பல் விடுகிற நாடுகள் முதலில் நிறுத்தட்டும், எங்கள் ஏழை மீனவனுக்கு 25 வருஷம் அவகாசம் வேண்டும் என்பது இந்தியாவின் வாதம்.

"எங்க நைனா படகுக்கு மானிய வெலையில வாங்கற மண்ணெண்ணெய் பத்தித்தான் சார் அங்க பேசறாங்க. நைனாவுக்கு அந்த ஊர் பேர்கூடத் தெரியாது. அந்த டேபிள்ல, நம்ம பக்கத்து நாற்காலியில ஒக்காரணும்."

எனக்கு 22 வயதில் இருந்த லட்சியம் சாஃப்ட்வேர் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்ஷன். அதனால் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தேன்.

திரும்பி வந்து, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தோம். இதுதான் என் டிபார்ட்மென்ட்.

ஃபீஸ் இல்லை. சரி. வாடகை, சாப்பாடு, கட்டாய மருத்துவ இன்ஷூரன்ஸ், குளிர் கோட்டு, விமான டிக்கெட்? இரண்டு வருஷத்துக்கு ஐம்பதாயிரம் டாலர் என்று பல்கலைக்கழகமே எழுதியிருந்தது. அன்றைக்கு டாலர் 83 ரூபாய். நாற்பத்தொன்றரை லட்சம். படிப்பு இலவசம், சோறும் கூரையும் நாற்பத்தொன்றரை லட்சம்! வாரம் 20 மணி நேரம் கேம்பஸுக்குள் வேலை பார்க்க விசா அனுமதிக்கும். அந்த வருமானத்தைத் தாராளமாகக் கழித்தோம். 30 லட்சம் கடன்.

வங்கியில் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வழக்கமாகச் சொத்து ஜாமீன் கேட்பார்கள். குடும்பச் சொத்து ஒரு ஃபைபர் படகு, கொஞ்சம் வலை. தாய்மாமன் உடனே, "என் வூட்டுப் பத்திரம் தரேன்" என்றார். அவர் சும்மா கூச்சல் போடும் ஆள் இல்லை என்பது அப்போது புரிந்தது.

வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். வருஷத்துக்கு 3,30,000. படிக்கிற இரண்டு வருஷம், வேலை தேட ஒரு வருஷம், ஆக மூன்று வருஷ வட்டி 9,90,000. அசலோடு சேர்த்து 39,90,000. பத்து வருஷத் தவணை போட்டால் மாதம் சுமார் 55,000 ரூபாய்.

இந்திய வெளியுறவுப் பணியில் புதிதாகச் சேரும் அதிகாரிக்கு 7-வது சம்பளக் கமிஷன் நிர்ணயித்த ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100. படிகள் தனி. அடிப்படையிலிருந்து தவணையைக் கழித்தால் மிச்சம் 1,100 ரூபாய். நாட்டின் பிரதிநிதி அதில் ஒரு நல்ல டை வாங்கிக்கொள்ளலாம்.

"அமெரிக்காவுல வேலை பாத்தா 55,000 ஒரு பணமா?" என்றார் மாமன். அதுவும் சரி. ஆனால் எங்கே வேலை? அந்தப் பல்கலைக்கழகத்தின் பளபளப்பான புத்தகத்தில் பழைய மாணவர்கள் பலர் அமெரிக்க வெளியுறவுத் துறையில் இருப்பதாகப் போட்டிருந்தார்கள். அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப் கிடைக்கும், சம்பளம் கிடையாது. படிப்பு முடிந்தபின் விசாவில் ஒரு வருஷம் வேலை பார்க்கலாம். சயன்ஸ், இன்ஜினீயரிங், கணக்கு வகையில் சேர்ந்த படிப்பாக இருந்தால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கலாம். இவன் படிப்பு அந்த வகையில் இல்லை. அப்புறம் எச்-1பி. வருஷத்துக்கு 85,000 பேருக்கு இடம். கேட்பவர்கள் அதைப் போல் பல மடங்கு. அதனால் சீட்டுக் குலுக்கல்.

சீட்டு என்றதும் பையனின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவர் டிபார்ட்மென்ட்.

பழவேற்காடு ஏரியில் நல்ல இறால் கிடைக்கும் இடங்களை நினைத்தவன் நினைத்தபடி பிடித்துக்கொள்ள முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்று மூன்று ஊர்க்காரர்களும் முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்கு 'பாடு' என்று பெயர். பெயர்ப் பொருத்தம் பிரமாதம். இன்றைக்கு நல்ல இடம் விழுந்தவனுக்கு நாளைக்கு மோசமான இடம் விழும். யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்பது ஏற்பாடு.

"அந்த ஊர் சீட்டுல வுயலன்னா, அடுத்த மொறை வருமா சார்?"

"வரலாம். விசா முடிஞ்சிட்டா மூட்டை கட்டணும்."

"கடன்?"

"அது கூடவே வரும்."

அவர் சிறிது நேரம் வலையை நோண்டினார். பிறகு மீன் வியாபாரியைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"இவரு நல்ல மனுசன். பத்து வருசமா இவராண்ட முன்பணம் வாங்கினுதான் தொழில் பண்றேன். ஒண்ணும் தப்பு சொல்லல. ஆனா முன்பணம் வாங்கிட்டா, நான் புடிக்கற இறாலு அவருதுதான். பக்கத்துல ஒருத்தன் கிலோவுக்கு அம்பது ரூவா கூடத் தரேன்னாலும் போட முடியாது. வலை என்னுது, ஒடம்பு என்னுது, இறாலு மட்டும் என்னுது இல்ல."

மீன் வியாபாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவன் அந்த நாற்காலியில ஒக்காரணும்ங்கறான். 30 லட்சம் வாங்கினுப் போனா, கடன்காரன் எந்த நாற்காலியைக் காட்றானோ அதுலதான் ஒக்காரணும். அம்மாந்தான் எனக்குத் தெரியும். மிச்சம் நீங்க படிச்சவங்க பேசிக்குங்க."

படித்தவர்கள் நாங்கள் பேசவில்லை. மூன்று முறை எழுதி பாஸ் பண்ணிய காஸ்ட் அக்கவுண்டிங்கில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. கடனுக்கு வட்டி உண்டு என்று படித்தேன். கடனுக்கு விருப்பு வெறுப்பும் உண்டு, அது தானே வேலை தேடும், நம்மைக் கேட்காது என்று படிக்கவில்லை.

டெல்லிக் கணக்கு பத்திரிகையின் ஒரு மூலையிலேயே முடிந்துவிட்டது. அங்கே வருஷக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஹாஸ்டல், மெஸ் தனி. அந்த ஸ்கூல் 1955-ல் சாப்ரு ஹவுஸில் தனி நிறுவனமாகத் துவங்கி, 1970-ல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சர்வதேச உறவுகளில் டாக்டர் பட்டம் வாங்கியது அதே பல்கலைக்கழகத்தில்தான். இன்னொரு விஷயமும் வாத்தியாருக்கு நினைவுபடுத்தினேன்: வெளியுறவுப் பணிக்கான யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத ஏதாவது ஒரு டிகிரி போதும். வாஷிங்டன் முத்திரைக்கு அங்கே ஒரு மார்க்கூடக் கூட்டித் தர மாட்டார்கள்.

இதோடு சுபம் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பையனின் அம்மா உள்ளே இருந்து வந்து என் இலையில் இன்னொரு கரண்டி தொக்கு வைத்தார். "அமெரிக்கா போறான்னு தெருவெல்லாம் சொல்லிட்டேன் சார்" என்றார், மெல்லிய குரலில். தொக்கு அன்றைக்குக் கொஞ்சம் உறைப்பு அதிகம். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

தீர்ப்பு நான் சொல்லவில்லை. 15-ம் தேதி ராத்திரி பையனே மெயில் அனுப்பினான். அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை, செலவுக்கும் உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருந்தான். கேட்பதில் தப்பே இல்லை. சில இடங்களில் கொடுப்பதும் உண்டு. இவனுக்கு, முடியவில்லை, வருந்துகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை என்று அவன் அப்பா மறுநாள் போனில் சொன்னார். அவரும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற தம்பிகளில் யாராவது இதே மாதிரி இரண்டு கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். நான் அமெரிக்காவுக்கு எதிரி இல்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் நூலகம், ஆசிரியர், சிநேகிதம் எல்லாம் நிஜம். முழுச் செலவும் அவர்களே ஏற்றால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் மாதிரி ஃபீஸ், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் தரும் உதவித்தொகைகள் இருக்கின்றன. அதற்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி வைத்துக்கொண்டு, படித்து முடித்து நான் பார்க்க ஆசைப்படும் வேலையின் சம்பளம் இந்தத் தவணையைக் கட்டுமா என்று கணக்குப் போடுங்கள். கட்டாது என்றால், நீங்கள் தேர்ந்தெடுப்பது கல்லூரியை இல்லை. வேறொரு வேலையை.

பின்னால் நடந்தவை: 2025 செப்டம்பரில் அமெரிக்கா, வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. தாய்மாமன் போன் பண்ணி, "எப்டி சார் முன்னாடியே தெரிஞ்சுது?" என்றார். தெரியாது. எனக்கு அடுத்த தெரு கரண்ட் எப்போது வரும் என்றே தெரியாது. அதே மாதம் 15-ம் தேதி அந்த முதல் மீன்பிடி மானிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் கட்டம் இன்னும் இழுபறி. அதாவது, நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

டெல்லியும் சொர்க்கம் இல்லை. ஹாஸ்டல் ரூம் கிடைக்கும் வரை சிநேகிதன் அறையில் தரையில் படுத்திருக்கிறான். முதல் குளிருக்கு ஸ்வெட்டர் பத்தவில்லை. சப்பாத்தியைப் பற்றி அவன் எழுதியதை இங்கே அச்சிட முடியாது.

சமீபத்தில் பழவேற்காடு போயிருந்தேன். மீன் வியாபாரியிடம் பழைய முன்பணம் இன்னும் பாக்கி இருக்கிறது. புதிதாக எதுவும் சேரவில்லை. பையனின் அப்பா அதே வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். டீக்கடையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "ஒம் பையன் டெல்லியில இன்னா விவகாரம் படிக்கிறான்?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"எங்க விவகாரந்தான்" என்றார்.